ஹூஇஸ் தேடலில் நாம் கேட்காமலே நடப்பவை

ஒரு டொமைன் எப்போது பதிவானது, அதன் நேம்சர்வர்கள் (பெயருக்குரிய ஐபி முகவரியைச் சொல்லும் சர்வர்கள்) எவை என்று அறிய ஹூஇஸ் கட்டளையைப் பயன்படுத்துகிறோம். இதன் நெறிமுறை மிகச் சிறியது: 2004-இல் வெளியான ஆர்.எஃப்.சி 3912 என்ற இணைய நெறிமுறை ஆவணத்தின்படி, சர்வரின் 43-ஆம் போர்ட்டுக்கு ஒரு வரி அனுப்பினால், அது பதிலை எழுதிவிட்டு இணைப்பைத் துண்டிக்கும். அந்த வரியை எப்படி எழுதுவது, வெறும் பெயரை மட்டும் தந்தால் எதைக் காட்டுவது என்பதையெல்லாம் அந்த ஆவணம் வரையறுக்கவில்லை. அதனால் ஒவ்வொரு பதிவகமும் (டொமைன் அல்லது முகவரிப் பதிவேட்டைப் பராமரிக்கும் அமைப்பு) தனக்கென ஓர் இயல்புநிலையை வைத்திருக்கிறது.

முதலில், டெபியன் அல்லது உபுண்டு லினக்ஸில் ஹூஇஸ் நிரலை நிறுவிக்கொண்டு, 'வெர்போஸ்' விருப்பத்துடன் டெனிக் டாட் டிஇ என்ற பெயரைத் தேடுங்கள். எந்தச் சர்வருக்கு என்ன வரி அனுப்பப்பட்டது என்பது திரையில் தெரியும். நீங்கள் தட்டச்சு செய்த பெயருக்கு முன்னால் நீங்கள் தராத ஒரு பெரிய 'டி' (T) கொடி, அதாவது தேடலை மாற்றும் விருப்பக்குறி, ஒட்டியிருப்பதைக் கவனியுங்கள்.

அடுத்து, டெல்நெட் வழியாக அதே சர்வரின் 43-ஆம் போர்ட்டில் நேரடியாக இணைந்து, பெயரை மட்டும் அனுப்பிப் பாருங்கள். இம்முறை டொமைனின் பெயரும் அதன் நிலையும் மட்டுமே வரும், ஏனெனில் ஜெர்மன் பதிவகமான டெனிக்கின் இயல்புநிலை அவ்வளவுதான். விவரம் வேண்டுமானால் அந்தக் கொடியைக் கொடுத்தாக வேண்டும். டாட் காம் பெயர்களுக்கும் இதே நிரல் 'டொமைன்' என்ற சொல்லை முன்னால் சேர்த்தே அனுப்புகிறது: டாட் காம் பதிவகமான வெரிசைனின் தரவுத்தளத்தில் நேம்சர்வர், பதிவாளர் பதிவுகளும் இருப்பதால், தேடல் டொமைன்களோடு நிற்பதற்கு அச்சொல் உதவுகிறது. ஜப்பானியப் பதிவகம் இயல்பாக ஜப்பானிய மொழியிலேயே பதில் தரும்.

ஐரோப்பா உள்ளிட்ட பகுதிகளின் ஐபி முகவரிப் பதிவகமான ரைப்பின் தரவுத்தளத்தில்தான் இயல்புநிலை கூடுதல் கவனம் கேட்கிறது. அங்கே 193.0.6.139 என்ற முகவரியைத் தேடினால், அந்த ஒற்றை முகவரிக்கான பதிவு கிடைக்காது. அதை உள்ளடக்கும் மிகச் சிறிய தொகுதியான 193.0.0.0 முதல் 193.0.7.255 வரையிலான பதிவு கிடைக்கும். கூடவே, நீங்கள் கேட்காத தொடர்பாளர் பதிவுகளும் வரும், ஆனால் மின்னஞ்சல் போன்ற சில புலங்கள் வடிகட்டப்பட்டிருக்கும். தொடர்பாளர்களைத் தவிர்க்கச் சிறிய 'ஆர்' கொடியையும், வடிகட்டலை நீக்கப் பெரிய 'பி' கொடியையும் சேர்க்க வேண்டும். முகவரித் தேடலில் தலைகீழ் டிஎன்எஸ் (முகவரியிலிருந்து பெயரைக் கண்டறியும் முறை) டொமைன் பதிவுகள் தாமாக வருவதில்லை. அவற்றுக்குச் சிறிய 'டி' (d) கொடி தேவை. தனிநபர் பதிவுகளுக்குத் தினசரி வரம்பு இருப்பதால், ஸ்கிரிப்ட் எழுதுவோர் 'ஆர்' கொடியை எப்போதும் சேர்ப்பதே நல்லது என்பது என் கருத்து.

புதிதாகக் கருவி எழுதுவோர் ஹூஇஸுக்கு மாற்றாக வந்த ஆர்டாப் (RDAP) நெறிமுறையிலிருந்தே தொடங்கலாம். டாட் காம் போன்ற பொது உயர்நிலை டொமைன்களுக்கு ஹூஇஸ் சேவை வழங்கும் கட்டாயத்தை, இணையப் பெயர்களை ஒருங்கிணைக்கும் அமைப்பான ஐகேன் 2025 ஜனவரி 28-உடன் முடித்துக்கொண்டது. ஆர்டாப்பில் தேடுவது டொமைனா, ஐபி முகவரியா, நேம்சர்வரா என்பதை இணைய முகவரியின் பாதையிலேயே குறிப்பிட வேண்டும். பதிலும் ஜேசன் வடிவில் ஒரே அமைப்பில் வருவதால், பதிவகத்துக்குப் பதிவகம் வேறு வேறு கொடிகளை நினைவில் வைக்கத் தேவையில்லை.