அதிராத குட்டி: வேட்டை இனக் குட்டியைத் தேர்வதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாகூருக்கு அருகே ஒரு வீட்டில் ராஜபாளையம் பெட்டை ஏழு குட்டிகள் ஈன்றிருந்தது. குட்டி பார்க்கக் கடலூரிலிருந்து கிளம்பிய மூன்று இளைஞர்கள், துணைக்கு இருக்கட்டும் என்று என்னையும் அழைத்துச் சென்றார்கள். வாசலில் செருப்பைக் கழற்றிய கையோடு ஒருவர் எவர்சில்வர் தட்டு ஒன்றை வாங்கி, கரண்டியால் ஓங்கித் தட்டினார். ஆறு குட்டிகள் அலறிக்கொண்டு தாயின் வயிற்றடியில் புகுந்தன. சுவரோரமாகத் தனியே படுத்திருந்த ஏழாவது குட்டி காதைக்கூட அசைக்கவில்லை. "அண்ணா, நெஞ்சுரம் உள்ள குட்டி இதுதான், பேசி முடித்துவிடலாம்" என்றார் தட்டு தட்டியவர்.

2012-இல் ஏறக்குறைய இதே சொற்களை நானும் சொல்லியிருக்கிறேன். அதற்கு நான் கொடுத்த விலை இன்னும் ஆறவில்லை என்பதால்தான் இதை எழுதுகிறேன். தடுப்பூசி, குடற்புழு மருந்து, கண்ணில் பீளை, வயிறு உப்பியிருப்பது போன்றவற்றை யாரும் சொல்லித் தருவார்கள். அவற்றைத் தவிர்த்து, குணம் பார்ப்பதில் நடக்கும் தவறுகளை மட்டும் இங்கே பார்க்கலாம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி முயல், மயில், காட்டுப்பன்றி உள்ளிட்ட விலங்குகளை நாயை விட்டு வேட்டையாடுவது குற்றம். வேட்டை நாய் என்று நான் சொல்வது, தலைமுறை தலைமுறையாக வேட்டைக்கு வளர்க்கப்பட்ட ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை ஆகிய இனங்களைத்தான். இந்தப் பக்கத்தில் இவற்றுக்கு இன்று இருக்கும் வேலை முந்திரித் தோப்பையும் மணிலா (நிலக்கடலை)க் கொல்லையையும் காப்பது மட்டுமே.

அதிராத குட்டியைத் துணிச்சலான குட்டி என்று நம்புவது

2011 டிசம்பர் 30 அன்று கரையேறிய தானே புயல், பண்ருட்டிக்கு அருகே எங்கள் தோப்பில் இருந்த முந்திரி மரங்களில் பாதிக்கு மேல் சாய்த்துவிட்டது. வேலியும் போயிற்று. மறுபடி கன்று நட்டபோது காவலுக்கு ஒரு நல்ல நாய் வேண்டும் என்று தெற்கே ஓர் ஊருக்குப் போய், தூய வெள்ளையில் மூக்கு ரோஜா நிறமாக இருந்த ஓர் ஆண்குட்டியை எடுத்தேன். இரண்டு காரணங்களுக்காக அதைத் தேர்ந்தேன். வாசலில் பேருந்து ஒலிப்பான் அலறியபோது மற்றவை பதற, அது பதறவில்லை. விளையாட்டில் உடன்பிறந்த குட்டியைக் கடித்தால், அது எவ்வளவு கத்தினாலும் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. துணிச்சலும் பிடிமானமும் ஒருங்கே அமைந்த குட்டி என்று மகிழ்ந்து, சூரன் என்று பெயரும் வழியிலேயே வைத்துவிட்டேன்.

அந்த ஆண்டு தீபாவளிக்குத் தெரு நாய்கள் எல்லாம் ஓடி ஒளிய, சூரன் திண்ணையில் கால் நீட்டித் தூங்கியது. அக்கம்பக்கத்தாரை அழைத்து அதைக் காட்டிப் பெருமையடித்துக்கொண்டேன். பொங்கலுக்கு முன்பு ஒரு நாள் என் மனைவிதான், "இது கூப்பிட்டு வருவதில்லை, நம் நிழல் விழுந்தால்தான் திரும்புகிறது, கவனித்தீர்களா?" என்று கேட்டார். கால்நடை மருத்துவர் பார்த்துவிட்டு இரண்டு காதும் கேட்கவில்லை என்றார்.

நான் பெருமைப்பட்ட இரண்டு குணங்களும் ஒரே குறையின் இரண்டு அடையாளங்கள். ஒலி கேட்காததால் அது அதிரவில்லை. கடிபட்ட குட்டி வலியில் கத்தும் ஒலியைக் கேட்டுத்தான் மற்றொரு குட்டி தன் வாயின் அழுத்தத்தைக் குறைக்கக் கற்றுக்கொள்கிறது. செவிட்டுக் குட்டிக்கு அந்தப் பாடம் சரியாகக் கிடைப்பதில்லை. ஆகவே அது அழுத்திக் கடிக்கிறது. புதிதாக வாங்குபவர் தேடி அலையும் 'அஞ்சாமை', 'விடாப்பிடி' என்ற இரண்டும் அதனிடம் இருப்பதாகத் தோன்றுவது இதனால்தான்.

வெள்ளை நிறத்திற்கும் செவிட்டுத்தன்மைக்கும் உள்ள தொடர்பு கட்டுக்கதை அன்று. உள்காதில் இருக்க வேண்டிய நிறமிச் செல்கள் இல்லாதபோது, அங்குள்ள இரத்தக் குழாய்ப் படலம் சிதைந்து, ஒலியை உணரும் நுண்மயிர்ச் செல்கள் குட்டி பிறந்த சில வாரங்களுக்குள்ளேயே மடிந்துவிடுகின்றன. வெளிக்காதில் எந்தக் குறையும் தெரியாது. டால்மேஷன் இனத்தில் இது நெடுங்காலமாக ஆராயப்பட்டிருக்கிறது. அமெரிக்காவில் சோதிக்கப்பட்ட டால்மேஷன்களில் சுமார் 8 விழுக்காட்டிற்கு இரண்டு காதும், சுமார் 22 விழுக்காட்டிற்கு ஒரு காதும் கேட்கவில்லை. நம் ராஜபாளையத்திலும் இந்தக் குறை உண்டு என்பது வளர்ப்பவர்கள் அனைவருக்கும் தெரியும். வாங்குபவருக்குத்தான் யாரும் சொல்வதில்லை.

எனக்கு விற்றவருக்குத் தெரிந்திருந்ததா என்று பல முறை யோசித்திருக்கிறேன். "காது கேட்குமா?" என்று நான் ஒப்புக்குக் கேட்டபோது, அவர் குட்டியின் பின்னால் நின்று கையைத் தட்டினார், தட்டும்போதே குதிகாலால் தரையையும் மிதித்தார். அது மரப்பலகை பரப்பிய திண்ணை. குட்டி திரும்பிப் பார்த்தது. பலகையின் அதிர்வு அதன் பாதத்திற்குப் போயிருக்கும் என்று அன்று எனக்குத் தோன்றவில்லை.

ஆகவே சோதனையை வாங்குபவரே செய்ய வேண்டும், அதையும் சரியாகச் செய்ய வேண்டும். குட்டியைக் கூட்டத்திலிருந்து பிரித்து, மண் தரையில் தனியே விடுங்கள். கூட்டத்தோடு இருந்தால் மற்ற குட்டிகள் திரும்பும் பக்கம் செவிட்டுக் குட்டியும் திரும்பிவிடும். அது விழித்திருந்து வேறு எதையாவது முகர்ந்துகொண்டிருக்கும்போது, நான்கைந்து அடி பின்னால், நிழல் அதன் மேல் விழாதவாறு உட்கார்ந்து சாவிக்கொத்தை ஒரு முறை குலுக்குங்கள். கை தட்டினால் காற்று படும், கால் பட்டால் தரை அதிரும். சாவிக்கு இரண்டும் இல்லை. சற்று நேரம் விட்டு, வேறொரு பக்கத்திலிருந்து விசிலை மெதுவாக ஊதுங்கள். ஒரே ஒலியைத் திரும்பத் திரும்பச் செய்தால் நன்றாகக் கேட்கும் குட்டியும் சலித்துப்போய்த் திரும்பாது.

ஒரு காது மட்டும் கேட்காத குட்டியை இப்படிக் கண்டுபிடிப்பது கடினம். அதற்கு ஒலி கேட்கும், திசைதான் தெரியாது. சில வேளைகளில் எதிர்ப்பக்கம் திரும்பும். உறுதியாகத் தெரிய வேண்டுமானால், ஒலிக்கு மூளைத்தண்டு எழுப்பும் மின்னலைகளைப் பதிவுசெய்யும் 'பேயர்' சோதனை ஒன்றே வழி. வீட்டுக் காவலுக்கு ஒரு காது போதும். ஆனால் அந்த நாயை இனச்சேர்க்கைக்கு விடக்கூடாது, ஏனெனில் குறை அடுத்த ஈற்றுக்கும் போகக்கூடும்.

செவிட்டு நாயை வளர்க்கவே முடியாது என்று நான் சொல்லவில்லை. கை அசைவுக்கும், இரவில் டார்ச் வெளிச்சத்திற்கும் சூரன் நன்றாகப் பழகியது. ஆனால் அதை நான் தோப்புக் காவலுக்கு வாங்கியிருந்தேன். உண்மை தெரிந்த பின்னும் பிடிவாதமாகத் தோப்பிலேயே அவிழ்த்து விட்டிருந்தேன். முந்திரிக்கொட்டை பொறுக்கும் பருவத்தில், மர நிழலில் தூங்கிக்கொண்டிருந்த அதன் மேல், பின்னோக்கி வந்த டிராக்டர் டிரெய்லரின் சக்கரம் ஏறியது. ஓட்டியவர் ஒலிப்பான் அடித்துக்கொண்டேதான் வந்தார், நாய் எழுந்துவிடும் என்று நினைத்திருக்கிறார். பின்னங்கால் ஒன்று போயிற்று. அதன் பிறகு ஒன்பது வயது வரை வீட்டுக்குள் சங்கிலியோடு வாழ்ந்தது. தவறு அந்த ஓட்டுநருடையது அன்று. காவலுக்குக் காதில்லாத குட்டியை, அதன் காதில்லாமைக்காகவே தேர்ந்தெடுத்தவன் நான்.

அப்படியானால் தட்டு ஒலிக்கு எந்தக் குட்டி நல்ல குட்டி? அதிர்ந்து, பிறகு மீண்டு வருவது. பாகூரில் தாயின் அடியில் புகுந்த ஆறில் ஒரு பெண்குட்டி, நான் மனத்துக்குள் பத்து எண்ணுவதற்குள் கழுத்தை நீட்டி வெளியே பார்த்தது. இருபதுக்குள் வயிறு தரையில் உரச ஊர்ந்து வந்து கரண்டியை முகர்ந்து, அதன் நுனியைக் கடித்தும் பார்த்தது. இன்னொன்று ஐந்து நிமிடம் கழித்தும் வால் ஒடுங்கி நடுங்கிக்கொண்டிருந்தது. மற்றவை இரண்டுக்கும் நடுவில். ஒலி எழுந்த கணத்தில் ஆறும் ஒன்றுபோலத்தான் இருந்தன. குணம் தெரிந்தது அதற்குப் பிந்தைய அரை நிமிடத்தில்தான். பெரும்பாலானவர்கள் அந்த அரை நிமிடத்தில் விலை பேசத் தொடங்கிவிடுகிறார்கள்.

வயிறு நிறைந்த வேளையில் பார்ப்பது

ஏழாவது குட்டிக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். முக்கால் மணி நேரம் காத்திருந்து, அது எழுந்து சிறுநீர் கழித்துச் சோம்பல் முறித்த பிறகு, கொல்லைப் பக்கம் எடுத்துப்போய்ச் சாவியைக் குலுக்கினேன். சட்டெனத் திரும்பியது. அது வீரனும் அன்று, செவிடும் அன்று. நாங்கள் போவதற்குச் சற்று முன்புதான் கேழ்வரகுக் கூழும் பாலும் கலந்து வைத்திருந்தார்கள், மற்றவற்றைத் தள்ளிவிட்டு அது பெரும்பங்கைக் குடித்திருந்தது.

காலையில், உணவுக்கு முன்னர், வெயில் ஏறுவதற்குள் போங்கள். இரண்டு வெவ்வேறு நாட்களில் போவது இன்னும் நல்லது. முதல் நாள் ஓடி வந்து செருப்பைக் கடித்த குட்டி மறுநாள் மூலையில் கிடப்பதும், மூலையில் கிடந்தது முன்னால் வருவதும் வழக்கமாக நடப்பவை.

எல்லா இனத்தையும் ஒரே கோலால் அளப்பது

கன்னியும் சிப்பிப்பாறையும் அந்நியரிடம் எளிதில் ஒட்டாத இனங்கள். கன்னிக் குட்டி உங்களைக் கண்டதும் பின்வாங்கி, தூரத்தில் நின்று பார்ப்பதைக் கோழைத்தனம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அது வளர்ப்பவரிடம் எப்படி நடக்கிறது என்று பாருங்கள். அவரிடமும் அப்படியே ஒதுங்கினால்தான் கவலைப்பட வேண்டும். புதுச்சேரி நகரத்துக்குள் மாடி வீட்டில், நாளுக்கு நான்கு விருந்தினர் வந்துபோகும் இடத்தில் வளர்க்க நினைப்பவர், எவ்வளவு அழகாக இருந்தாலும் கன்னியைத் தவிர்ப்பதே நாய்க்கும் நல்லது.

தாயைப் பார்க்காமல் குட்டியைப் பார்ப்பது

தாயைக் காட்ட மறுத்தால் திரும்பி வந்துவிடுங்கள்.

துணியைக் கடிப்பதையே வேட்டைத் துடிப்பு என்று எண்ணுவது

கயிற்றில் துணியைக் கட்டி இழுத்தால் எந்த ஆரோக்கியமான குட்டியும் துரத்தும். அதில் தெரிந்துகொள்ள ஏதுமில்லை. துணியை ஒரு பானைக்குப் பின்னால் இழுத்து மறைத்துவிட்டு, கயிற்றை அசைக்காமல் வைத்திருங்கள். மறைந்த நொடியே மறந்துவிட்டு வேறு வேலை பார்க்கும் குட்டி ஒரு வகை. பானையைச் சுற்றி வந்து தேடும் குட்டி மற்றொரு வகை. வேட்டைக் குணம் அதில்தான் இருக்கிறது. இங்கேதான் பலர் அவசரப்படுகிறார்கள். தேடும் குட்டியே சிறந்தது என்று எடுத்துப்போய், வீட்டில் கோழியும் ஆட்டுக்குட்டியும் வளர்த்தால், ஆறாவது ஏழாவது மாதத்தில் பக்கத்து வீட்டுக்கு இழப்பீடு கொடுக்க வேண்டியிருக்கும். மயில்கள் சாதாரணமாக வந்து மேயும் கொல்லைகளில், அந்தத் துடிப்பு சட்டச் சிக்கலையும் கொண்டுவரும். தேடிக்கொண்டிருக்கும் குட்டியை நாக்கைச் சொடுக்கி அழைத்துப் பாருங்கள். தேடலை ஒரு கணமாவது விட்டுவிட்டு உங்களை நிமிர்ந்து பார்க்கும் குட்டியைத்தான் நான் எடுப்பேன்.

மல்லாக்கப் போட்டு அமுக்குவது

குட்டியை மல்லாத்தி நெஞ்சில் கை வைத்து அழுத்தி, திமிறினால் வீரம், அடங்கினால் கோழை என்று தீர்ப்புச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். ஸ்வீடனில் எட்டு வாரக் குட்டிகளாகச் சோதிக்கப்பட்ட ஜெர்மன் ஷெப்பர்டு நாய்களை வளர்ந்த பிறகு மீண்டும் சோதித்தார்கள். 1998-இல் வெளியான அந்த ஆய்வின்படி, குட்டியில் எடுத்த மதிப்பெண்ணைக் கொண்டு வளர்ந்த நாயின் பணித்திறனை முன்கூட்டிச் சொல்ல முடியவில்லை. இதனால் குட்டியைப் பார்ப்பதே வீண் என்று ஆகாது. காது கேட்காததையும், அதிர்ச்சியிலிருந்து மீளாததையும் விலக்குவதற்குத்தான் சோதனை. எஞ்சியவற்றில் எது உலகம் வெல்லும் என்று ஆரூடம் பார்ப்பதற்கு அன்று.

நகத்தை எண்ணுவது

காலில் எத்தனை நகம் என்று எண்ணிப் பார்த்துக் குட்டியின் குணத்தைச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். நகத்திற்கும் குணத்திற்கும் தொடர்பில்லை.

முப்பது நாள் குட்டியை வாங்குவது

எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது என்பது 2017-ஆம் ஆண்டு நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகளிலேயே இருக்கிறது. சட்டத்தை விட்டுவிட்டாலும், முப்பதாவது நாளில் பார்ப்பதற்குக் குணம் என்று எதுவும் உருவாகியிருக்காது. வாயின் அழுத்தத்தைக் குறைக்கவும் கூட்டத்தில் விட்டுக்கொடுக்கவும் கற்கும் வாரங்கள் அதற்குப் பின்னர்தான் வருகின்றன. அவற்றைத் தாயும் உடன்பிறப்புகளும் கற்றுத்தருவதுபோல நம்மால் கற்றுத்தர இயலாது. முன்பணம் கொடுத்துவிட்டுக் காத்திருங்கள்; இடையில் வேறொருவர் தூக்கிப்போய்விட்டால் போகட்டும்.

எதை விடுவதென்று தெரியாமல் இரண்டையும் வாங்குவது

வேண்டாம். பாகூரிலிருந்து திரும்பும் வழியில் அந்த இளைஞர்கள், கரண்டியைக் கடித்த பெண்குட்டியையும், வயிறு நிறையக் குடித்துத் தூங்கிய ஏழாவது குட்டியையும் சேர்த்தே எடுத்துவிடலாமா என்று கேட்டார்கள். ஒரே ஈற்றில் இரண்டைச் சேர்த்து வளர்த்தால் அவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, உங்கள் குரலைக் கேட்டும் கேளாதவைபோல நடந்துகொள்ளும். எடுப்பதானால் அந்தப் பெண்குட்டியை எடுங்கள் என்றேன். எட்டாவது வாரம் முடிய இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது.