கிழங்கு வரவுச் சீட்டை ஷேர்பாயிண்ட் படிவமாக்கும் முறை

சேலத்து ஜவ்வரிசி ஆலைக்கு மரவள்ளிக் கிழங்கு லோடு வரும்போது எடைமேடையில் எழுதப்படும் வரவுச் சீட்டை, மைக்ரோசாஃப்டின் தகவல் பகிர்வுத் தளமான ஷேர்பாயிண்டில் மின்படிவமாக மாற்றும் முறையை இங்கே விளக்குகிறேன். பழைய வழிகாட்டிகள் பல, அந்நிறுவனத்தின் பழைய படிவ மென்பொருளான இன்ஃபோபாத்தைப் பரிந்துரைக்கின்றன. அதன் கடைசிப் பதிப்பு 2013ஆம் ஆண்டினுடையது, ஆதரவுக்கு மைக்ரோசாஃப்ட் குறித்த இறுதி நாள் 14.07.2026. ஆகவே புதிதாகத் தொடங்குவோர், படிவங்களும் செயலிகளும் உருவாக்க உதவும் மைக்ரோசாஃப்ட் கருவியான பவர் ஆப்ஸில் தொடங்குவதே நல்லது.

படிவத்துக்கு முன், பதிவுகள் சேரும் ஷேர்பாயிண்ட் பட்டியலை அமைக்க வேண்டும். சீட்டுப் புத்தகத்தை எதிரே வைத்துக்கொண்டு தேதி, வண்டி எண், விவசாயி, லோடு எடை, காலி வண்டி எடை, பாயிண்ட் (கிழங்கின் மாவுச்சத்து அளவு) என ஒவ்வொன்றுக்கும் ஒரு நெடுவரிசை உருவாக்குங்கள். ஒரே ஊரில் ஒரே பெயரில் நால்வர் இருப்பார்கள் என்பதால், விவசாயிகளை ஊரோடும் தந்தை பெயரோடும் தனிப் பட்டியலில் வைத்து, அதிலிருந்து தேர்ந்தெடுக்கும் லுக்அப் நெடுவரிசையாக்குவது பாதுகாப்பானது.

நெடுவரிசைக்கு முதலில் சுருக்கமான ஆங்கிலப் பெயரை இட்டுச் சேமித்த பிறகே தமிழ்ப் பெயருக்கு மாற்றுங்கள். இதை நான் வற்புறுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. முதலில் இடும் பெயரே, ஷேர்பாயிண்ட் உள்ளுக்குள் பயன்படுத்தும் மாறாத உட்பெயராக நிலைத்துவிடுகிறது. தமிழில் இட்டால் 'ம' என்ற ஓரெழுத்தே ஏழு குறிகளாக விரிய, உட்பெயர் 32 குறிகளோடு வெட்டப்படுவதால், 'மரவள்ளி எடை', 'மரவள்ளி பாயிண்ட்' இரண்டும் உட்பெயரைப் பயன்படுத்த வேண்டிய இடங்களில் ஏறத்தாழ ஒன்றுபோலவே தெரியும்.

மாவுச்சத்துப் பாயிண்டை வைத்தே கிழங்குக்கு விலை போடப்படுகிறது. 27.5 என்பதை அவசரத்தில் 275 என்று தட்டினால் படிவம் ஏற்காதபடி, உங்கள் ஆலையில் வழக்கமாக வரும் எல்லையைச் சரிபார்ப்புச் சூத்திரமாக எழுதுங்கள். நிகர எடையைக் கணக்கீட்டு நெடுவரிசையில் மட்டும் வைத்தால் சேமித்த பின்பே தெரியும். அருகில் நிற்கும் விவசாயி முன்கூட்டியே பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டிய எண் அது. ஆகையால் பவர் ஆப்ஸ் படிவத்தில் ஒரு லேபிள் வைத்து, லோடு எடையிலிருந்து காலி எடையைக் கழித்துப் பெரிய எழுத்தில் காட்டுங்கள்.

பட்டியல் 5,000 வரிகளைத் தாண்டினால் இண்டெக்ஸ் (விரைந்து தேட உதவும் குறியீடு) இல்லாத நெடுவரிசையில் வடிகட்டுவது தடைபடும். தேதிக்கும் விவசாயிக்கும் தொடக்கத்திலேயே இண்டெக்ஸ் இடுங்கள். திருத்தங்கள் தெரிய வெர்ஷன் ஹிஸ்டரியும் இயங்கட்டும்.

பிறகு, நேற்றைய சீட்டுகள் பத்தை எடைமேடை எழுத்தரிடம் கொடுத்து, அவருடைய கைபேசியிலேயே பதியச் சொல்லி உடனிருந்து பாருங்கள். ஒரு வாரத்துக்குப் படிவத்தின் மொத்தமும் காகிதப் புத்தகத்தின் மொத்தமும் நாள்தோறும் ஒத்துவரும் வரை காகிதப் புத்தகத்தை நிறுத்த வேண்டாம்.