பெரியவர்களுக்கான பியானோ கிரேடு தேர்வு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வயது வந்தபின் பியானோ கற்பவர்கள் கிரேடு தேர்வில் சறுக்குவது பெரும்பாலும் சோம்பலால் அல்ல, அக்கறை கூடிப்போவதால். ஒரு சுரம் தவறினால் குழந்தை கவலைப்படாமல் வாசித்துக்கொண்டே போய்விடும். பெரியவர் நின்றுவிடுவார். இரண்டு பார் (தாளச் சுற்று) பின்னால் போய், சரியாக வந்த பிறகே நகர்வார். மாதக்கணக்கில் இப்படிப் பழகிய விரல்கள் தேர்வறையிலும் அதையேதான் செய்யும்.

பிரிட்டனின் இசைத் தேர்வு வாரியமான ஏபிஆர்எஸ்எம்மின் தேர்வாளர்கள் ஒரு பீஸை (வாசிக்கும் இசைப் படைப்பை) சுரம், தாளம், நாதம், வடிவம், ஒட்டுமொத்த வாசிப்பு என்று ஐந்து கோணங்களில் மதிப்பிடுகிறார்கள். ஒரு சுரம் பிசகினால் அடி விழுவது முதல் கோணத்தில் மட்டும். நின்று திருத்தினால் தாளம் உடைகிறது, இசை வாக்கியம் அறுந்துபோகிறது, வாசிப்பின் மேல் உள்ள நம்பிக்கையும் போய்விடுகிறது. தவறைவிடத் திருத்தத்துக்கே விலை அதிகம். தயாரிப்பில் வேறு எதை விட்டாலும் நிற்காமல் வாசிக்கும் பழக்கத்தை விடக்கூடாது.

அதற்குப் பயிற்சியை இரண்டாகப் பிரியுங்கள். ஒன்று, பழுது பார்க்கும் பயிற்சி: இரண்டு பார், மெதுவான வேகம், கைகளைத் தனித்தனியாக, எத்தனை முறை வேண்டுமானாலும் நிறுத்தலாம். மற்றது, வாசிக்கும் பயிற்சி: முதல் சுரத்திலிருந்து கடைசி சுரம் வரை, என்ன நடந்தாலும் நிற்கக் கூடாது. அதை ஃபோனில் பதிவு செய்து, முடித்த பிறகு கேட்டு, பழுதான இடங்களை நோட்டேஷனில் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டையும் கலக்காமல் இருப்பதுதான் முக்கியம். பலர் இந்த இரண்டாவது பயிற்சியைத் தேர்வுக்கு முந்தைய வாரத்துக்குத் தள்ளிப்போடுகிறார்கள். பீஸ் ஓரளவு கைக்கு வந்ததுமே தொடங்கிவிட வேண்டும்.

கூடவே, ஒவ்வொரு பீஸிலும் நான்கைந்து இடங்களைத் தேர்ந்து, அங்கிருந்து நேரடியாகத் தொடங்கப் பழகுங்கள். எப்போதும் முதல் பாரிலிருந்தே தொடங்குபவருக்கு முதல் பக்கம் பளிச்சென்று இருக்கும், கடைசிப் பக்கம் ஆடும். நடுவில் விரல் தொலைந்தால் திரும்பிப் பிடிக்க ஓர் இடமும் இருக்காது. சில நாட்கள் கடைசி எட்டு பாரில் தொடங்கிப் பின்னோக்கி வந்து பாருங்கள்.

அடுத்தது மதிப்பெண் கணக்கு. ஏபிஆர்எஸ்எம் நடத்தும் வழக்கமான செய்முறைத் தேர்வின் மொத்தம் 150. மூன்று பீஸ்களுக்குத் தலா 30, ஸ்கேல் (சுர வரிசை) மற்றும் ஆர்பெஜியோக்களுக்கு (ஒரு கார்டின் சுரங்களை ஒவ்வொன்றாக வாசிப்பது) 21, முன்பின் பார்க்காத வரியை அங்கேயே பார்த்து வாசிக்கும் சைட் ரீடிங்குக்கு 21, செவித்திறன் சோதனைக்கு 18. தேர்ச்சிக்கு 100 வேண்டும். அதாவது மூன்று பீஸ்களிலும் முழு மதிப்பெண் வாங்கினாலும் 90தான். அதை மட்டும் வைத்துக்கொண்டு யாரும் தேறிவிட முடியாது. ஆனாலும் பெரியவர்களின் பயிற்சி நேரத்தைப் பீஸ்களே விழுங்கிவிடுகின்றன.

ஸ்கேல்களில் வரும் தவறு, எப்போதும் ஒரே வரிசையில் பழகுவது. சி மேஜர், ஜி மேஜர், டி மேஜர் என்று தினமும் ஒரே ஒழுங்கில் வாசித்தால் ஒன்றின் நினைவில்தான் அடுத்தது வரும். தேர்வாளர் தாம் விரும்பியதைக் கேட்பார், மனப்பாடமாக வாசிக்க வேண்டும். பெயர்களைச் சீட்டில் எழுதிக் குலுக்கி எடுத்துப் பழகுங்கள். விரல் அமைப்பையும் ஊகத்துக்கு விடாதீர்கள்: கட்டைவிரலை ஒன்று என்று எண்ணினால், மேலே ஏறும்போது சி மேஜரில் வலது கையின் மூன்றாம் விரலுக்குப் பிறகு கட்டைவிரல் உள்ளே போகும், எஃப் மேஜரில் நான்காம் விரலுக்குப் பிறகு. பதற்றத்தில் முதலில் குழம்புவது இந்த இடம்தான்.

சைட் ரீடிங்கில் பார்த்துக்கொள்ள அரை நிமிடம் தருகிறார்கள். பலர் அந்த நேரம் முழுக்கத் தாளைப் பார்த்தபடி அமைதியாக உட்கார்ந்திருக்கிறார்கள். அப்போது வாசித்துப் பார்க்கவும் அனுமதி உண்டு. கீ சிக்னேச்சரையும் (வரியின் தொடக்கத்தில் உள்ள ஷார்ப், ஃபிளாட் குறிகள்) தாளக் குறியையும் கவனித்து, கை வைக்கும் இடத்தைத் தீர்மானித்து, மிகக் கடினமான பாரை ஒருமுறை தொட்டுப் பாருங்கள். அந்த பார் எந்த வேகத்தில் கைக்கு வருமோ அதுவே முழுவதற்குமான வேகம். வீட்டில், உங்கள் கிரேடுக்கு இரண்டு படி கீழே உள்ள புதிய வரிகளைத் தினமும் கொஞ்சம் வாசித்து வந்தால் போதும். ஒரே வரியைத் திரும்பத் திரும்ப வாசிப்பது சைட் ரீடிங் ஆகாது.

செவித்திறன் சோதனையில் பாட வேண்டியிருப்பதே பெரியவர்களைக் கூச வைக்கிறது. கூச்சத்தில் முணுமுணுத்து, கையில் இருந்த மதிப்பெண்ணையும் விட்டுவிடுகிறார்கள். அங்கே பார்ப்பது சுரத்தை, குரல் இனிமையை அல்ல. ஹம் செய்யலாம், விசில் அடிக்கலாம்; உங்கள் குரலின் எல்லைக்கு ஏற்பத் தேர்வாளர் மாற்றிக்கொள்வார்.

எந்த கிரேடு எழுதுவது என்பதிலும் அவசரம் உண்டு. வயது வரம்பு கிடையாது, கிரேடுகளை வரிசையாக எழுத வேண்டிய கட்டாயமும் இல்லை. இந்தச் சுதந்திரத்தை நம்பி, தியரி (இசைக் கோட்பாடு) எளிதில் புரிகிறது என்பதற்காகவே பலர் இரண்டு படி தாண்டிப் போகிறார்கள். மூளைக்குப் புரிந்தது விரலுக்கு வந்து சேர மாதங்கள் ஆகும். ஒரு கிரேடின் பீஸ்கள் தடுமாற்றத்துடன் வருகின்றன என்றால் அந்தக் கிரேடுக்கு நீங்கள் இன்னும் தயாராகவில்லை. கிரேடு 6 முதல் 8 வரை குறிவைப்பவர்கள், அதற்கு முன் கிரேடு 5 தியரியோ ஏபிஆர்எஸ்எம் இணையாக ஏற்கும் வேறு தேர்வோ முடித்திருக்க வேண்டும் என்பதைக் கடைசி நேரத்தில் தெரிந்துகொண்டு தவிக்க வேண்டாம்.

பீஸ்களைத் தேர்வதில் மனம் மட்டும் பேசக் கூடாது. பாடத்திட்டத்தின் ஏ, பி, சி பட்டியல்களில் ஒவ்வொன்றிலிருந்தும் ஒன்று எடுக்க வேண்டும். பொதுவாக முதலாவது விரல் சுறுசுறுப்பையும் இரண்டாவது பாடும் தன்மையையும் கேட்கும். பிடித்த பீஸில் உங்கள் கை எட்டாத விரிவு இருந்தால் வேறொன்றுக்கு மாறிவிடுங்கள்.

ஏபிஆர்எஸ்எம்மின் இன்னொரு வகைத் தேர்வான, ஸ்கேல், சைட் ரீடிங் இல்லாத பெர்ஃபார்மன்ஸ் கிரேடு சுலபம் என்று நினைப்பதும் தவறு. அதில் நான்கு பீஸ்களை இடைவெட்டு இல்லாமல் ஒரே காணொளியாகப் பதிவு செய்ய வேண்டும். முழு வாசிப்புக்கென்றே தனியாக 30 மதிப்பெண். நிற்காமல் வாசிக்கும் பழக்கம் இல்லாதவருக்கு இதுதான் அதிகக் கடினம். ஒரே நாளில் கை சோரும்வரை பதிவு செய்யாதீர்கள். சோர்வு ஒலியில் கேட்கும்.

வேலைநாட்களில் தொடாமல் ஞாயிறன்று மூன்று மணி நேரம் உட்காருவதைவிட, தினமும் அரை மணி நேரம் விரல்களுக்கு நல்லது. மணிக்கட்டு வலித்தால் அன்று நிறுத்திவிடுங்கள். வலியோடு வாசித்துப் பழகினால் இறுக்கம்தான் பழகும். கடைசி இரண்டு வாரங்களில் விரல் அமைப்பை மாற்ற வேண்டாம்.

வீட்டில் டிஜிட்டல் பியானோ வைத்திருப்பவர்கள் தேர்வுக்கு முன் ஒருமுறையாவது வேறொரு பியானோவில் வாசித்துப் பாருங்கள். கட்டைகளின் கனமும் பெடலின் ஆழமும் ஒவ்வொன்றிலும் மாறும், பெடலை மாற்றும் இடத்தைக் காதுதான் சொல்ல வேண்டும். தேர்வறையில் முதலில் இருக்கையின் உயரத்தைச் சரிசெய்யுங்கள். யாரும் அவசரப்படுத்த மாட்டார்கள். பீஸ்களில் தொடங்குவதா ஸ்கேல்களில் தொடங்குவதா என்று நீங்களே சொல்லலாம். தொடக்கத்துக்கோ குறியிட்ட இடத்துக்கோ திரும்பிப் போகச் சொல்லும் டா கேப்போ, டல் சேனோ குறிகளைப் பின்பற்றுங்கள். மற்ற ரிப்பீட்களைப் பாடத்திட்டம் கேட்டிருந்தால் மட்டும் வாசியுங்கள். பதற்றத்தில் வேகம் தானாக ஏறும் என்பதால், கையை வைக்கும் முன் அந்த பீஸின் கடினமான பாரை மனதுக்குள் ஒருமுறை ஓடவிட்டு, அந்த வேகத்திலேயே தொடங்குங்கள்.