ராமேஸ்வரம் பக்கம் ஃபைபர் நெட் எடுக்கிறவர்கள் செய்யும் தவறுகள்

பாம்பனிலிருந்து கீழக்கரை வரை கடை, லாட்ஜ், வீடு என்று நெட், கேமரா வேலை பார்க்கிறேன். அந்தக் காலத்தில் நாங்கள் செய்ததையே இப்போது புதிதாக கனெக்‌ஷன் எடுப்பவர்களும் வரிசையாகச் செய்கிறார்கள். மோடத்தை பீரோவுக்குப் பின்னால் வைப்பது, பாஸ்வேர்டைத் தெருவுக்கே சொல்வது, இதெல்லாம் உங்களுக்கே தெரியும், விட்டுவிடுகிறேன்.

ரெண்டு கம்பெனி என்றால் ரெண்டு லைன் என்று நம்புவது

இதைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்குக் கடுப்பாகும். ராமேஸ்வரத்தில் ரூம் வாடகைக்கு விடும் அண்ணன் ஒருவர், ஒன்று போனாலும் இன்னொன்று இருக்கட்டும் என்று இரண்டு நிறுவனங்களில் எடுத்து, கூடுதலாக ஒரு மாதம் இலவசம் என்றதும் இரண்டுக்கும் ஒரு வருடப் பணத்தை மொத்தமாகக் கட்டிவிட்டார். ஆடிக் காற்றில் தென்னை மட்டை விழுந்தது, இரண்டு மோடத்திலும் சிவப்பு லைட். போய்ப் பார்த்தால் இரண்டு வயரும் ஒரே கம்பத்தில், ஒரே கட்டாக! இழுத்தவரும் ஒரே கேபிள்காரர்தான். “நாளைக்கு வர்றேண்ணே” என்றவர் ஆடி அமாவாசைக் கூட்டம் வந்து போகும்வரை வரவில்லை, ரூம் எடுத்தவர்கள் வைஃபை எங்கே என்று அண்ணனைப் பிடுங்கி எடுத்துவிட்டார்கள்.

போஸ்டரைப் பார்த்தால் ஊரில் போட்டி பலமாகத்தான் தெரியும். ஆனால் பிஎஸ்என்எல் ஃபைபர்கூடப் பல ஊர்களில் உள்ளூர் ஆபரேட்டர் மூலமாகத்தான் வீட்டுக்கு வருகிறது. அதனால் லைன் எந்தத் தெரு வழியாக வருகிறது, அறுந்தால் கம்பத்தில் ஏறுவது யார், போன தடவை பக்கத்து வீட்டில் எத்தனை நாளில் சரியானது, இந்த மூன்றையும் விசாரித்துவிட்டுப் பணத்தை எடுங்கள். முதல் சில மாதம் மாதாமாதம் கட்டுங்கள் போதும். மொபைலில் 2011 முதல் நம்பரோடு கம்பெனி மாறலாம், ஃபைபரில் அந்த வசதி இல்லை, புது வயர், புது மோடம், மறுபடி முதலிலிருந்து. பேக்கப் வேண்டுமா, டவர் வழியாக வரும் ஏர்ஃபைபரோ சிம் போடும் ரவுட்டரோ வாங்குங்கள்.

எந்த வயர் என்று பார்க்காதது

உள்ளே இருக்கும் கண்ணாடி இழை துருப்பிடிக்காது, அதைத் தாங்கும் இரும்புக் கம்பி துருப்பிடிக்கும், அதுவும் நம்ம உப்புக் காற்றில் சீக்கிரமே. கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் டிராப் வயரில், இரும்புக்குப் பதில் எஃப்ஆர்பி (இழை கலந்த பிளாஸ்டிக்) கம்பி உள்ளதாகக் கேளுங்கள்.

499 ரூபாய் பிளான் என்றால் 499தான் என்று நம்புவது

ஜிஎஸ்டி 18 சதவீதம் சேர்த்து 589.

கரண்ட் போனால் நெட்டும் போகும் என்று விட்டுவிடுவது

வழியில் ஒரு இழையைப் பல வீடுகளுக்குப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டருக்குக் கரண்டே தேவையில்லை. ஆபரேட்டர் ஆபீஸில் பேட்டரி இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு, உங்கள் மோடத்துக்கு ஒரு மினி யூபிஎஸ் போடுங்கள்.

வெளியூரிலிருந்து கேமரா பார்க்க மோடத்தில் போர்ட் (வெளியிலிருந்து உள்ளே வரும் வழி) திறப்பது

பல கனெக்‌ஷன்களில் ஒரே பொது ஐபி-யை (நெட்டில் உள்ள முகவரி) பல வீடுகளுக்குப் பகிர்ந்து கொடுக்கிறார்கள், அதில் இது வேலை செய்யாது. ஆப் வழியாகப் பார்க்கிற டிவிஆர் (கேமரா பதிவுப் பெட்டி) வாங்குங்கள், இல்லையா, உங்களுக்கே உரிய, மாறாத ஸ்டேடிக் ஐபி-க்குத் தனியாகக் காசு.