போனில் பழகிய கைக்குக் கேமரா: தவிர்க்க வேண்டிய தவறுகள்

போனிலேயே படம் எடுத்துப் பழகியவர்கள் கையடக்கக் கேமரா ஒன்றை வாங்கியதும் முதல் வாரத்தில் சொல்வது பெரும்பாலும் ஒன்றுதான்: "போன்லயே இதைவிட நல்லா வருதுங்களே!" கேமரா மேல் குற்றமில்லை. இன்றைய போன், நாம் ஒருமுறை தொட்டதும் அடுத்தடுத்துப் பல படங்களை எடுத்து, வெளிச்சத்தை ஒன்றிலிருந்தும் நிழலை இன்னொன்றிலிருந்தும் சேர்த்துத் தைத்துக் கொடுத்துவிடும். கையடக்கக் கேமரா பொதுவாக ஒரே ஒரு படம்தான் எடுக்கும். எதைத் தெளிவாகக் காட்டுவது, எவ்வளவு வெளிச்சம் விடுவது என்று அது தானாக ஊகித்துக்கொள்கிறது. ஊகம் தப்பினால் படமும் தப்பும். கோவை, ஈரோடு, திருப்பூர்ப் பக்கம் பீரோவில் கிடந்த பழைய கேமராக்களை எடுத்துத் திரும்பப் பயன்படுத்துகிறவர்களை இப்போது அடிக்கடி பார்க்கிறேன். ரொம்ப சந்தோஷம். நிஜமான ஜூம், நிஜமான ஃபிளாஷ், நடுவில் அழைப்பு எதுவும் வராத நிம்மதி எல்லாம் அதில் உண்டு. ஆனால் ஊகம் எங்கே தப்பும் என்று தெரியாமல் இரண்டு வாரத்தில் சலித்துப்போய்த் திரும்ப பீரோவிலேயே வைத்துவிடுகிறார்கள். அப்படி ஆகக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

பெட்டியைப் பிரித்ததும்

முதன்முதலில் ஆன் செய்யும்போது தேதி கேட்கும். அதை "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று தள்ளிவிடுவது எல்லோரும் செய்யும் தவறு. போனுக்கு நேரம் தானாக வந்துவிடும். கேமராவுக்கு நாம்தான் சொல்ல வேண்டும். ஒரு கல்யாண வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். மாமன் மகனிடம் ஒரு கேமரா, சித்தப்பாவிடம் ஒன்று, அக்கா கையில் போன். எல்லாப் படங்களையும் ஒரே இடத்தில் போட்டு நேர வரிசையில் அடுக்கினால், நேரம் வைக்காத கேமராவின் படங்கள் எங்கேயோ போய் நிற்கும். தாலிக்கு முன் நடக்கும் இணைச்சீர்ச் சடங்குக்கு முன்னாலேயே தாலி கட்டியிருப்பார்கள்! நேர மண்டலப் பட்டியலில் சென்னை இல்லையென்றால் டெல்லி, மும்பை, கொல்கத்தா எதுவானாலும் சரி. +5:30 என்று இருந்தால் போதும். கோடைகால நேரம் என்று ஒரு வரி இருந்தால் அணைத்துவிடுங்கள், நம் நாட்டில் அது கிடையாது.

தேதியைப் படத்தின் மூலையில் அச்சடிக்கும் வசதியும் சில கேமராக்களில் உண்டு. ஞாபகத்துக்கு நல்லதுதானே என்று போட்டுவிடுவார்கள். அச்சடித்த ஆரஞ்சு எண்கள் படத்தோடு ஒட்டிப் போய்விடும், பிறகு நீக்க முடியாது. எடுத்த நாளும் நேரமும் அந்தக் கோப்புக்குள்ளேயே எப்படியும் பதிவாகியிருக்கும் என்பதால் அச்சு தேவையே இல்லை.

மெனுவில் இன்னும் ஒன்றிரண்டு. கார்டில் இடம் மிச்சம் பிடிக்கப் படத்தின் அளவைக் குறைத்து வைக்காதீர்கள். பெரிய அளவு, உயர்ந்த தரம் என்று வைத்துவிட்டு அதை மறந்துவிடலாம். சின்னதாக எடுத்த படத்தைப் பின்னால் பெரிதாக்க வழியில்லை. வீடியோ எடுப்பவர்கள் பால் (PAL, 50 கணக்கு), என்டிஎஸ்சி (NTSC, 60 கணக்கு) என்ற இரண்டு வீடியோ முறைகளில் PAL-ஐத் தேர்ந்தெடுக்க வேண்டும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். குழல் விளக்கும் பல எல்இடி விளக்குகளும் அந்தக் கணக்கில்தான் துடிக்கின்றன. கேமரா 60 கணக்கில் ஓடினால் மண்டபத்து வீடியோ முழுக்க வெளிச்சம் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும்.

கார்டைக் கேமராவிலேயே ஃபார்மேட் செய்யுங்கள், அதாவது முழுக்க அழித்துப் புதிதாகத் தயார் செய்யுங்கள். கம்ப்யூட்டரில் செய்வதைவிட அதுவே பத்திரம். அதற்கு முன் பழைய படங்களை இரண்டு இடத்தில் நகல் எடுத்துக்கொள்ள வேண்டும். எஸ்டி கார்டின் இடது ஓரத்தில் நகம் அளவு ஒரு தடுப்பு இருக்கும். அது கீழே இறங்கிவிட்டால் கார்டு பூட்டிக்கொண்டது என்று கேமரா சொல்லும். கேமரா கெட்டுவிட்டது என்று சர்வீஸ் கடைக்குக் கொண்டு ஓடுவதற்கு முன் அதை மேலே தள்ளிப் பாருங்கள்.

பாதி அழுத்தும் பழக்கம்

போனில் தொட்டால் படம். அதே பழக்கத்தில் கேமராப் பொத்தானையும் ஒரே குத்தாகக் குத்துகிறார்கள். அந்தக் குத்தில் கேமராவும் அசையும், லென்ஸ் குறிவைத்து முடிக்கவும் நேரம் இருக்காது. பொத்தானுக்கு இரண்டு நிலை உண்டு. பாதி அழுத்தினால் லென்ஸ் குறிவைக்கும், பச்சைக் கட்டம் தோன்றும், பெரும்பாலான கேமராக்களில் ஒரு சின்னச் சத்தமும் வரும். அப்படியே பிடித்திருந்து, வேண்டிய நொடியில் மீதியை மெல்ல அழுத்த வேண்டும். இந்த ஒரு பழக்கம் வந்துவிட்டால் கலங்கிய படங்கள் பெருமளவு குறைந்துவிடும்.

ஆனால் பச்சைக் கட்டம் எதன் மேல் வந்தது என்று பார்க்க வேண்டும். காங்கேயம் பக்கத்துக் கொறங்காட்டில் கிளுவை வேலிக்கு அந்தப் பக்கம் மாடு மேய்கிறது. ஜூம் செய்து எடுக்கிறீர்கள். கேமரா தானாகத் தேர்ந்தெடுக்கும் நிலையில் இருந்தால், பெரும்பாலும் எது அருகில் இருக்கிறதோ அதைத்தான் பிடிக்கும். கிளுவை முள்ளை ஒவ்வொன்றாக எண்ணிவிடலாம், மாடு மட்டும் கலங்கிப்போய் இருக்கும். மெனுவில் குறியை 'நடு' என்று மாற்றுங்கள். நடுக் கட்டத்தை மாட்டின் கண்மேல் வைத்துப் பாதி அழுத்தி, விரலை எடுக்காமல் கேமராவை நகர்த்தி, மாட்டுக்கு முன்னால் கொஞ்சம் காடும் வானமும் வரும்படி வைத்து, மீதியை அழுத்துங்கள்.

வெள்ளையும் கருப்பும்

இந்தப் பகுதியைத்தான் நிதானமாகப் படிக்கச் சொல்வேன். வெள்ளை எது, கருப்பு எது என்று கேமராவின் வெளிச்சமானிக்குத் தெரியாது. எதைக் காட்டினாலும் அது நடுத்தரச் சாம்பல் நிறம் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடும்.

காங்கேயம் மாட்டை வைத்தே இதைப் புரிந்துகொள்ளலாம். கன்று பிறக்கும்போது செவலை நிறம், சில மாதங்களில் வெளுக்கத் தொடங்கும். வளர்ந்த பசு வெள்ளையும் சாம்பலுமாக இருக்கும். காளைக்குத் திமிலும் கழுத்தும் கருத்திருக்கும். பசுவின் உடம்பு திரை முழுக்க நிறையும்படி எடுத்தால், "இவ்வளவு வெளிச்சம் ஆகாது" என்று கேமரா குறைத்துவிடும். வெள்ளைப் பசு அழுக்குச் சாம்பலாக வரும். காளையின் கருந்திமிலை நெருக்கமாக எடுத்தால் இதற்கு நேர்மாறு: கருமை போய், சாயம் போன துணி போல வெளிறிவிடும். மூன்றாவதாக ஒன்று இருக்கிறது, அதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். கருநிழல் படிந்த வேப்ப மரத்தின் முன்னால் வெள்ளைப் பசு சின்னதாக நிற்கிறது. திரையில் பெரும்பகுதி இருட்டு. கேமரா மொத்தத்தையும் வெளிச்சமாக்கிவிடும், பசுவின் முதுகு வெறும் வெள்ளைத் திட்டாகிவிடும். கேமரா வழக்கமாகச் சேமிக்கும் ஜேபெக் (JPEG) படத்தில் அப்படி வெந்துபோன வெள்ளைக்குள் மயிரும் மடிப்பும் திரும்ப வராது.

இதற்கு மருந்து + / − குறி போட்ட பொத்தான். வெள்ளை திரையை நிறைத்தால் +0.7 வரை ஏற்றுங்கள். கருப்பு நிறைத்தாலும், இருட்டுக்கு முன்னால் வெள்ளை சின்னதாக நின்றாலும் −0.7 வரை இறக்குங்கள். எடுத்து முடித்ததும் மறக்காமல் பூஜ்யத்துக்குத் திருப்பிவிட வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த நாள் எடுப்பது அத்தனையும் கெடும். எடுத்த படத்தில் வெந்த இடத்தைச் சிமிட்டிக் காட்டும் வசதி இருந்தால் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். வெயிலில் திரையைப் பார்த்து வெளிச்சத்தை முடிவு செய்வது நம்பகமான வழி இல்லை.

உச்சி வெயிலில் வெள்ளை வேட்டி சட்டையோடு நிற்கும் அப்பாருவை எடுக்கும்போதும் இதே சிக்கல்தான். சட்டையைச் சரியாக எடுத்தால் முகம் இருட்டு, முகத்தைச் சரியாக எடுத்தால் சட்டை வெறும் வெள்ளை. போன் இரண்டையும் ஒட்டிச் சமாளித்துவிடும். கேமராவில் நாம்தான் அவரைத் திண்ணை நிழலுக்கு அழைத்து வர வேண்டும். முடியாவிட்டால் பகலிலேயே ஃபிளாஷ் போட்டு இரண்டு மூன்று மீட்டருக்குள் நின்று எடுங்கள். தலைப்பாகை நிழல் கண்ணிலிருந்து விலகும். பொள்ளாச்சித் தென்னந்தோப்பில் ஆளை நிறுத்தும்போது கவனம். நிழல் போலத் தெரியும், ஆனால் ஓலை இடுக்கில் விழும் வெயில் முகத்தில் புள்ளி புள்ளியாக விழுந்திருக்கும்.

களத்தில் மஞ்சள் காயும்போது எடுத்தால் வேறொன்று கெடும். திரை முழுக்க மஞ்சளாக இருப்பதைப் பார்த்து, தானியங்கி நிறச் சமநிலை அதைத் தவறு என்று நினைத்து 'திருத்தும்'. மஞ்சள் சோபையிழந்து போகும். நிறச் சமநிலையைச் சூரியன் படம் போட்ட நிலைக்கு மாற்றிவிடுங்கள்.

இரவுக் கும்மியும் ஃபிளாஷும்

பகலில் வேண்டிய இடத்தில் ஃபிளாஷைப் போடாதவர்கள் இரவில் வேண்டாத இடத்தில் போடுகிறார்கள். கையடக்கக் கேமராவின் ஃபிளாஷ் சுமார் மூன்று, நான்கு மீட்டருக்குத்தான் எட்டும். நோம்பிக்கு வள்ளி கும்மி நடக்கிறது, நீங்கள் கூட்டத்துக்குப் பின்னால் நிற்கிறீர்கள். ஃபிளாஷ் போட்டால் முன்னால் உட்கார்ந்திருப்பவர்களின் தலைதான் பளிச்சென்று வரும், அதற்கு அப்பால் கும்மிருட்டு. தேர் இழுக்கும்போது கிளம்பும் புழுதியில் ஃபிளாஷ் போட்டால் படமெங்கும் வெள்ளை வட்டங்கள் மிதக்கும். லென்ஸுக்குப் பக்கத்தில் பறக்கும் தூசியில் வெளிச்சம் பட்டுத் திரும்புவதுதான் அது. கோயிலுக்குள் படம் எடுக்கலாமா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். கருவறைப் பக்கம் கேமராவைத் தூக்கவே வேண்டாம்.

கும்மிக்கு ஃபிளாஷை அணைத்து, வெளிச்சத்தை உணரும் திறனைக் குறிக்கும் ஐஎஸ்ஓவை (ISO) 1600-க்கு ஏற்றி, படம் பதிவாகும் நேரத்தைத் தீர்மானிக்கும் ஷட்டர் வேகத்தை மாற்ற முடிகிற கேமராவானால் நொடியில் 250-இல் ஒரு பங்கு அளவுக்கு வையுங்கள். வேகத்தை மாற்ற வழியில்லாத கேமராவில் ஓடும் ஆள் படம் போட்ட நிலை இருக்கும். படம் இருட்டாக வந்தால் வேகத்தை 125 வரை இறக்கலாம். ஆடாமல் தடுக்கும் வசதி இருக்கிறதே என்று நம்பிவிடாதீர்கள். அது நம் கை நடுக்கத்தைத்தான் தடுக்கும், ஆடுகிறவர்களின் அசைவை நிறுத்தாது. சின்ன சென்சாரில் (படத்தைப் பதிவு செய்யும் சில்லில்) 1600 என்றால் மணல் தூவியது போலப் புள்ளி வரும், உண்மை. இருந்தாலும் புள்ளி விழுந்த முகத்தை அடையாளம் தெரியும், கலங்கிய முகத்தைத் தெரியாது. இன்னொன்று: கும்மி வட்டமாகச் சுற்றுவதால் எல்லோரும் ஒரே இடத்தைக் கடந்துதான் போவார்கள். விளக்கு நன்றாக விழும் இடம் ஒன்றைப் பிடித்து, அங்கே ஒருவர் வந்ததும் பாதி அழுத்திக் காத்திருங்கள். அடுத்தவர் அதே இடத்துக்கு வந்து கை சேரும் நொடியில் மீதியை அழுத்துங்கள்.

ஜூமும் பூப்படமும்

திருப்பூர் நஞ்சராயன் குளம் 2024-இல் ராம்சர் பட்டியலில், அதாவது சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலில், சேர்ந்தது. அங்கே பறவை எடுக்கப் போகிறவர்கள் ஜூமைக் கடைசி வரை இழுப்பார்கள். திரையில் ஓடும் ஜூம் கோட்டில் ஒரு பிரிவு இருக்கும். அதுவரை லென்ஸ் செய்யும் வேலை. அதற்கு மேல் டிஜிட்டல் ஜூம், அதாவது படத்தின் நடுவை வெட்டிப் பெரிதாக்குவது. அந்த வேலையை வீட்டில் கம்ப்யூட்டரிலேயே செய்யலாம் என்பதால் மெனுவில் அதை அணைத்துவிடுங்கள். நடுப்பகலில் தண்ணீருக்கு மேலே அனல் அலையடிக்கும்போது எந்த ஜூமும் உதவாது, காலையிலேயே போய்விடுங்கள்.

அருகில் எடுப்பதில் தவறு இதற்கு நேரெதிர். சத்தியமங்கலத்து மல்லிகையை நெருங்கி எடுக்கப் பூப்படக் குறியை அழுத்திவிட்டு ஜூமையும் இழுப்பார்கள். லென்ஸ் முன்னும் பின்னும் போய்த் திணறும். பெரும்பாலான கையடக்கக் கேமராக்கள் ஜூம் போடாத அகல நிலையில்தான் சில சென்டிமீட்டர் வரை நெருங்கும். ஜூமை முழுக்க உள்ளே இழுத்துவிட்டு நீங்கள் பக்கத்தில் போங்கள். உங்கள் நிழல் பூவில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

காற்று, பஞ்சு, ஈரம்

பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆடியில் அடிக்கும் காற்று உடுமலை, தாராபுரம் பக்கம் காற்றாலைகளைச் சுழற்றும். நீண்டு வெளியே வரும் லென்ஸ் இடுக்கில் மண்ணைத் திணிப்பதும் அதே காற்றுதான். உள்ளே போன தூசி சென்சாரில் உட்கார்ந்தால், லென்ஸைக் கழற்ற முடியாத இந்தக் கேமராக்களில் நாமாகச் சுத்தம் செய்ய வழியில்லை. எடுக்காத நேரத்தில் அணைத்துப் பைக்குள் வையுங்கள். தறிப்பட்டறை, நூற்பாலைப் பக்கம் பறக்கும் பஞ்சுக்கும் இதே விதி. லென்ஸைத் துண்டின் நுனியால் துடைக்காதீர்கள். முதலில் ரப்பர் ஊதியால் ஊதி, அப்புறம் கண்ணாடி துடைக்கும் மென்துணியால் தொடுங்கள். ஐப்பசி மழையில் தோல் உறைக்குள் போட்டு வைத்தால் பூஞ்சை பிடிக்கும். மூடி இறுகிய டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். பேட்டரியைச் சுத்தமாகத் தீர்ந்த நிலையில் மாதக்கணக்கில் விட்டுவைப்பதும் அதன் ஆயுளைக் குறைக்கும்.

பழைய கேமரா வாங்குபவர்களுக்கு

விலை மலிவு என்று வாங்கிவிட்டுக் கார்டு கிடைக்காமல் அலைபவர்கள் உண்டு. பழைய ஒலிம்பஸ், ஃபியூஜி கேமராக்கள் பல எக்ஸ்டி கார்டு கேட்கும், பழைய சோனி மெமரி ஸ்டிக் கேட்கும். எஸ்டி கார்டு போடும் கேமராவிலும் மிகப் பழையவை 2 ஜிபிக்கு மேல் ஏற்காது, அடுத்த தலைமுறை 32 ஜிபியோடு நின்றுவிடும். 64 ஜிபி கார்டைப் போட்டுவிட்டுக் கேமரா ஓடவில்லை என்று சொல்லக் கூடாது. கடையிலேயே ஆன் செய்து ஜூமை முழுக்க வெளியே விட்டு உள்ளே இழுத்து, கரகரப்பு கேட்கிறதா பாருங்கள். வெளியே வந்து வெறும் வானத்தை ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தால் உள்ளே தூசி இருப்பது கரும்புள்ளியாகத் தெரியும். பேட்டரி உப்பியிருந்தால் அதை வாங்காதீர்கள். உப்பாவிட்டாலும் அதன்மேல் இருக்கும் எண்ணைக் குறித்துக்கொண்டு, அதே எண் பேட்டரியும் சார்ஜரும் இப்போதும் கிடைக்கின்றனவா என்று விசாரித்த பிறகு காசைக் கொடுங்கள்.