இத்தாலி ரெட் ஒயின் கொண்டு வரச் சொல்லும்போது எத கேக்கணும்

குளச்சல், முட்டம் பக்கமெல்லாம் தெருவுக்கு ஒருத்தராவது கப்பல்லயோ வெளிநாட்டுலயோ இருக்காவ, லீவுக்கு வரும்போது ஒரு ரெட் ஒயின் கொண்டு வாங்கன்னு மொட்டையா சொல்லிராதீங்க. அவங்க விலை கூடுனதா பாத்து பரோலோங்குற துவர்ப்பு ஒயின வாங்கிட்டு வருவாவ, கிறிஸ்துமஸுக்கு பன்னீர் திராட்சையும் சீனியும் போட்டு பரணியில ஊறவச்ச ஒயின் குடிச்சுப் பழகுன சித்தப்பா ஒரு வாயோட "என்னடே கசக்கு"ன்னு கீழ வச்சிருவாரு.

லேபிள்ல பெரும்பாலும் ஊர் பேருதான் இருக்கும், திராட்சை எதுன்னு நாமதான் தெரிஞ்சுக்கணும். கியாந்தி கிளாசிகோன்னா குறைஞ்சது 80 சதவீதம் சாஞ்சியோவேசேங்குற திராட்சை, பாட்டில்ல கறுப்பு சேவல் முத்திரை பாருங்க. புருனெல்லோ டி மொந்தால்சினோ முழுக்கவே சாஞ்சியோவேசே. பரோலோ, பார்பரெஸ்கோ ரெண்டும் பியமாண்ட் பக்கத்து நெப்பியோலோ திராட்சை. பரோலோவ 38 மாசமாவது வச்சிருந்துதான் விக்கணும், அதுல 18 மாசம் மரப்பீப்பாயில. நிறம் என்னமோ வெளிறுன செவப்புதான், சாதுன்னு நம்பி குடிச்சா கடுங்கட்டன் சாயா மாதிரி ஈறெல்லாம் இழுத்துப் பிடிக்கும். மொந்தேபுல்சியானோ தாப்ருட்ஸோன்னு இருந்தா மொந்தேபுல்சியானோ திராட்சை, ஆனா வினோ நோபிலே டி மொந்தேபுல்சியானோன்னு இருந்தா அது டஸ்கனில ஒரு ஊரு, உள்ள இருக்கது மறுபடியும் சாஞ்சியோவேசேதான், வாங்குறவங்ககிட்ட முழுப் பேரையும் எழுதியே அனுப்பிருங்க.

இனி நம்ம சாப்பாடு. ரெட் ஒயின்ல ஈற இழுத்துப் பிடிக்கிற அந்த துவர்ப்பும் மிளகாயும் ஒண்ணுக்கொண்ணு ஆகாது, எரிச்சல் கூடத்தான் செய்யும். சாளை மீன் புளிமுளத்தோட ரெட் எதுவுமே வேண்டாம், ஒயின்ல உள்ள இரும்பு மீன் எண்ணெயோட சேந்து துருப்பிடிச்ச மாதிரி ஒரு வீச்சம் நாக்குலயே நிக்கும். பீஃப் வறுவலும் மரச்சீனியும்னா என் ஓட்டு பார்பெராங்குற திராட்சை ஒயினுக்கு, துவர்ப்பு கம்மி, புளிப்பு நல்லா இருக்கும், எண்ணெய வெட்டிரும். பூலியா பக்கத்து பிரிமிதீவோ வாய்க்கு பழுத்த பழமா இருக்கும், ஆனா ஆல்கஹால் 14 சதவீதமெல்லாம் வரும், காரத்தோட குடிச்சா காது சுடும். பன்னி ரோஸ்ட்டுக்கு எமிலியா பக்கத்து லாம்புருஸ்கோ, நுரைக்கிற ரெட், நல்லா சில்லுன்னு குடிக்கணும். லேபிள்ல செக்கோன்னா இனிப்பு இருக்காது, அமாபிலேன்னா கொஞ்சம், தோல்சேன்னா நல்ல இனிப்பு. சித்தப்பாவுக்குன்னே கேக்கணும்னா பிராகெத்தோ தாக்வி, இனிப்பு, ஸ்ட்ராபெர்ரி வாசம், ஆல்கஹாலும் ரொம்ப கம்மி.

ரெட் ஒயின ஃபிரிட்ஜ்ல வைக்கக்கூடாதுன்னு சொல்றவங்க 16, 18 டிகிரி ரூம நெனச்சு சொல்றாவ, நம்ம ஊரு புழுக்கத்துல அரை மணி நேரம் உள்ள வச்சு எடுத்தாத்தான் ருசியே தெரியும். டூட்டி இல்லாம ஒருத்தர் 2 லிட்டர்தான் கொண்டு வரலாம், அதாவது 750 மில்லி பாட்டில் ரெண்டு, அதனால ஒண்ணு பார்பெரா, ஒண்ணு பிராகெத்தோன்னு சொல்லிவிடுங்க.