குதிரையேற்றக் காற்சட்டை: பிடிமானம் என்னும் மயக்கம்

குதிரையேற்றம் பழக வருவோர், காற்சட்டை வாங்குவதில் நான் முன்பு பணத்தைத் தொலைத்த அதே வழியில் தொலைப்பதைக் கண்டு பேசாமலிருக்க முடியவில்லை. சாதாரண ஜீன்ஸின் தடித்த உள்தையல் தொடையை உரசும் என்பதை முதல் நாளே எவரும் உணர்ந்துவிடுவர், அதை விட்டுவிடுகிறேன். மற்ற தவறுகள் இவை.

தடைதாண்டலுக்கு ஃபுல் சீட் வாங்குவது

பிரீச்சஸ் எனப்படும் குதிரையேற்றக் காற்சட்டை பெரும்பாலும் இருவகைப்படும். ஃபுல் சீட் வகையில் இருக்கையிலிருந்து உள்தொடை வழியாக முழங்கால் வரை தோலோ சிலிக்கானோ பதித்திருக்கும். நீ பேட்ச் (knee patch) வகையில் முழங்காலின் உட்புறம் மட்டுமே. குதிரையை நுட்பமான அசைவுகளில் நடத்தும், சேணத்தில் ஆழ்ந்து அமர வேண்டிய டிரெசாஜுக்கு முன்னது பொருந்தும். தடைதாண்டலிலோ, குதிரை எழும்பும் கணத்தில் நம் இடுப்பு சேணத்தை விட்டு விலகியாக வேண்டும்.

பிடிமானம் கூடினால் பாதுகாப்பும் கூடும் என்று நம்பி, கடையில் இருந்தவற்றிலேயே விலை மிகுந்த சிலிக்கான் ஃபுல் சீட்டை வாங்கினேன். முதல் தடையில் குதிரை எழும்பியது, நான் எழும்பவில்லை. சேணத்தோடு ஒட்டிய இடுப்பு சற்றே பிந்தியதால் உடல் பின்னால் சாய, என் கை கடிவாள வாரை வெடுக்கென இழுத்துக் குதிரையின் வாயை நோகடித்தது. அதன் பிறகு அது தடையைக் கண்டாலே நின்றுவிட்டது. முரட்டுக் குதிரை என்று பல வாரங்கள் அதன்மீது பழி சுமத்தியிருக்கிறேன்! தேய்ந்துபோன பழைய காற்சட்டையை அணிந்து சென்ற ஒரு நாளில், எங்கள் இருவருக்குமே தாண்டல் எளிதானபோதுதான் குற்றம் யாருடையது என்று விளங்கியது. இன்றும் அதே காற்சட்டையை "பாதுகாப்பானது" என்று புதியவர்களிடம் விற்பதைக் கேட்டால் எரிச்சல்தான் வருகிறது. ஏனெனில் அந்த ஒட்டுதல், சமநிலை இன்னும் கைவரவில்லை என்பதைக் கற்பவரிடமிருந்தே மறைத்துவிடுகிறது.

நின்றபடி அளவு பார்ப்பது

அமர்ந்து பாருங்கள். முழங்காலை மடக்கும்போது ஒட்டுத்துணி இடம் மாறுகிறதா, இடுப்பின் பின்புறம் இடைவெளி விழுகிறதா என்பது அப்போதுதான் தெரியும்.

காலணியை மறப்பது

பிரீச்சஸ் கெண்டைக்காலோடு முடிவதால் உயரமான பூட்ஸுக்குள் மடிப்பின்றி அடங்கும். கணுக்கால் வரை நீளும் ஜோத்பூர்ஸ் குட்டை பூட்ஸுக்கு உரியது.

நெடுந்தூர சவாரிக்கும் பிரீச்சஸே போதும் என்பது

போதாது. மணிக்கணக்கில் அங்கவடியில் எழுந்தெழுந்து அமர்பவருக்கு உள்தையல் இல்லாத, வழுவழுப்பான டைட்ஸே (உடலை ஒட்டிய நெகிழ்காற்சட்டை) நலம்.

துணி மென்மையாக்கி

சிலிக்கான் காற்சட்டைக்கு வேண்டவே வேண்டாம்.